வில்பிரட் போட்டுது

பலெர்மோவுக்கு நான் போனது, ஒரு மனிதன் சாகவில்லை என்று சொல்வதற்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அவன் செத்தானா இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது என்று சொல்வதற்காக. இப்படி ஒரு காரியத்துக்கு வேறு யாரும் விமானம் ஏறியிருப்பார்களா தெரியவில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொலைபேசியில் சொல்லப் போய்த்தான் இவ்வளவும் வந்தது.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சப்பாத்துத் தொழிற்சாலைகள் மூடிப்போன ஒரு சிறு நகரத்தில். அந்த நகரத்துக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம் உண்டு. பெயர் சென் வில்பிரட் ரோவர்ஸ். உள்ளூரில் எல்லாருக்கும் அது வெறும் வில்பிரட். இந்த மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அது நாலாம் பிரிவிலிருந்து கீழே விழுந்தது. என்னோடு வழக்கமாக ஆட்டம் பார்க்க வரும் அல்போன்ஸ் அன்று வேலையில் மாட்டிக்கொண்டான். மைதான வாசலில் நின்றபடியே அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

"வில்பிரட் போட்டுது. நான் பக்கத்திலைதான் நிண்டனான். கடைசி நிமிசத்திலை போட்டுது. பார்க்க ஏலாமல் கிடந்தது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கியிருந்தது. அதனால் விரல் தவறியது. செய்தி அல்போன்ஸுக்குப் போகாமல், அவன் பெயருக்கு மேலே இருந்த அந்தோனி அத்தானுக்குப் போய்விட்டது.

அந்தோனி அத்தான் பலெர்மோவில் இருக்கிறார். அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா என் பெரியம்மாவின் மகள். அக்காவுக்கு ஒரே தம்பி. அவன் பெயரும் வில்பிரட். பத்தொன்பது வருடத்துக்கு முன், "இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்திட்டன்" என்று ஒரு தெருத் தொலைபேசியிலிருந்து அக்காவிடம் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அப்போதே இங்கிலாந்தில் இருந்தபடியால், அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் தந்திருந்தார்.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் பாவப்பட்ட மனிதரை 'அது' என்றுதான் சொல்வோம். போய்விட்டது என்பதைப் 'போட்டுது' என்போம். பஸ் போனாலும் போட்டுது, உயிர் போனாலும் போட்டுது. அத்தான் அன்றே பதில் எழுதியிருந்தார். செய்தி கிடைத்தது, அக்காவுக்குச் சொல்லியாச்சு, உமக்குப் பெரிய நன்றி என்று. இவர் எப்போது எங்கள் கழகத்தைக் கவனிக்கத் தொடங்கினார் என்று யோசித்தேன். ஆனாலும் ஆறுதல் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நெகிழ்ச்சியில், "எதிர்பார்த்ததுதான் அத்தான், கவனிக்க ஆளில்லாமல் வருசக்கணக்காச் சீரழிஞ்சது" என்று எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அத்தான் அழைத்தார். வில்பிரட்டின் முப்பத்தோராம் நாள் பூசையை ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம், கூட நின்றவர் நீர், கட்டாயம் வரவேண்டும் என்றார். என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "வாறன் அத்தான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் இறங்கினேன். நகரத்துக்குள் போகும் ரயிலில் ஏறுமுன், மேடையில் உள்ள ஒரு சின்னப் பெட்டியில் சீட்டைக் குத்தவேண்டுமாம். நான் குத்தவில்லை. சீட்டுப் பரிசோதகர் என்னைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் என்றால் இந்த நேரத்தில் பெட்டியில் உள்ள அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இங்கே அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கத்தரிக்காய்ப் பையோடு இருந்த ஒரு பெண் எழுந்து பரிசோதகரோடு சண்டைக்கே போய்விட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்த மாணவனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "இந்த ஆளின் முகத்தைப் பார், மடியில் கறுப்புக் கோட்டைப் பார், செத்த வீட்டுக்குப் போகிறவனிடமா சீட்டுக் கேட்கிறாய் என்கிறார்" என்றான். பரிசோதகர் தொப்பியைத் தூக்கி எனக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார். ஊரை மிதிக்குமுன்னரே பொய்க்கு முதல் மரியாதை கிடைத்துவிட்டது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தில் அத்தான் நின்றார். கையில் கறுப்புப் பட்டி. என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியின் சந்துகள் வழியே நடந்தோம். மேலே காயும் துணிகளிலிருந்து தலையில் சொட்டியது, பின்னால் ஸ்கூட்டர்கள் இடிக்க வந்தன. வீடு மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. படியேறும் சுவரில் ஈரம் ஊறிப் பூச்சு கொப்புளித்துக் கிடந்தது. முழங்கால் தேய்ந்த அக்கா இந்தப் படிகளில் தினமும் எப்படி ஏறி இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னறையில் மேசை, மெழுகுதிரி, சிலுவை, வில்பிரட்டின் படம். எங்கள் கோயில் அணிச் சட்டையோடு நிற்கிற படம். அவன் தோளில் ஒரு கை கிடந்தது. கைக்குரியவரை வெட்டியெடுத்திருந்தார்கள். அந்தக் கை என்னுடையது. படம் எடுத்த நாளும் நினைவிருக்கிறது, அன்று அவன்தான் இரண்டு கோலும் போட்டான். அக்கா வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீயாவது பக்கத்தில் நின்றாயே என்று ஒரே ஒரு முறை சொன்னார். அழவில்லை. அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

பொழுதுபட ஜெபமாலைக்கு ஆட்கள் வந்தார்கள். மன்னார், தீவுப்பகுதி, யாழ்ப்பாணம் என்று எல்லா இடத்தாரும். வேலை முடிந்து, தாங்கள் பராமரிக்கும் வயதான இத்தாலியப் பெண்களுக்கு, சிஞ்ஞோராக்களுக்கு, சாப்பாடு கொடுத்துவிட்டு நேரே வந்தவர்கள். செபம் முடிந்து கோப்பி வந்ததும் என்னைச் சுற்றி இருந்துகொண்டார்கள். கடைசி நேரம் கஷ்டப்பட்டவரோ என்று ஒருவர் கேட்டார். கடைசி ஆறு மாதமும் கஷ்டம்தான் என்றேன். பார்க்க ஆட்கள் வந்தவையோ என்று இன்னொருவர். ஆயிரக்கணக்கில் என்று வாய்வரை வந்ததை விழுங்கி, வந்தவை என்றேன். குடியோ என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். இல்லை அத்தான், பொறுப்பெடுத்தவர்கள் சரியில்லை என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அறையின் மூலையில் அக்காவின் மகள் ரோசி கோப்பித் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

சனிக்கிழமை காலை, வீட்டில் இருக்க முடியாமல் இறங்கி, ஸ்தாசியோனே பக்கத்தில் ஒரு கோப்பிக் கடைக்குள் போனேன். இங்கே கோப்பியை நின்றபடியே, மருந்து குடிப்பதுபோல் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரர் ஒரு காலத்தில் கப்பலில் வேலை செய்தவர், ஆங்கிலம் கொஞ்சம் பேசினார். இங்கிலாந்திலிருந்து என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கழகம் என்பது. பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் கழகம் எனக்குக் கிடைத்ததே ஒரு பிழையால். நகரத்துக்கு வந்த முதல் ஞாயிறு, பூசைக்குக் கோயில் தேடி நடந்தபோது, 'சென் வில்பிரட்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை கண்டேன். ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போய் நின்றது மைதானத்தில். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "பூசை நேற்றே முடிந்துவிட்டது, எங்களைத்தான் பலி கொடுத்தார்கள்" என்றார். பிறகு தேநீர் தந்தார். அந்த நாட்டில் என்னை இருக்கச் சொல்லித் தேநீர் தந்த முதல் ஆள் அவர். அடுத்த சனிக்கிழமை சீட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

பிழை முழுக்க என்னுடையதும் அல்ல. தொழிற்சாலை இளைஞர்கள் சம்பளத்தோடு சாராயக்கடைக்குப் போகாமல் இருக்க, அந்தக் காலத்தில் ஒரு குருவானவர் தொடங்கிய கழகம்தான் அது. எங்கள் ஊரிலும் ஒவ்வொரு கோயிலுக்கும் அதன் புனிதர் பேரில் ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு, பருவம் தொடங்கமுன் சட்டைகளைப் பீடத்தடியில் வைத்து மந்திரிப்பார்கள். இங்கிலாந்தில் அந்தக் கோயில் மூடப்பட்டு இப்போது தரைவிரிப்புக் கடையாகிவிட்டது. புனிதர் மட்டும் சட்டையின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார். ஒரு காலத்தில் இரண்டாம் பிரிவு வரை ஏறி, இரண்டு பருவம் தாக்குப்பிடித்து இறங்கினார்கள். கிண்ணப் போட்டியில் ஒரு பெரிய கழகத்தைச் சேற்றில் வீழ்த்திய கதையை, அன்று பிறந்திராதவர்களும் நேரில் கண்டதுபோல் சொல்வார்கள். தொழிற்சாலைகள் போனபின் கழகம் கைமாறிக் கைமாறிக் கடைசியாக ஒருவரிடம் வந்தது. அவர் முதலில் வாகனத் தரிப்பிடத்தை விற்றார். பிறகு பயிற்சி மைதானத்தை விற்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார்.

இந்தப் பருவத்தை மூன்று வெற்றியோடு தொடங்கினோம். அல்போன்ஸ் மேற்பிரிவைப் பற்றியெல்லாம் பேசத் தொடங்கிவிட்டான். ஒக்டோபரில் பந்துக்காப்பாளரின் தோள்பட்டை முறிந்தது. வீரர்களுக்குச் சம்பளம் பிந்தியதால், மார்கழியில் புள்ளிகளை வெட்டினார்கள். பயிற்சியாளர்கள் மூன்று பேர் வந்து போனார்கள். மூன்றாமவரின் பெயரை நான் சரியாகச் சொல்லப் பழகுமுன் அவரும் போய்விட்டார். கடைசி ஆட்டத்தில் சமநிலை போதும். கடைசி நிமிடம் வரை கோலில்லாமல் பிடித்தோம். அப்போது எங்கள் பின்வரிசைக்காரர் ஒருவர், யாரும் துரத்தாத ஒரு பந்தைத் தலையால் தட்டிக் காப்பாளருக்குக் கொடுத்தார். காப்பாளரோ அதே பந்தை எடுக்க முன்னால் ஓடி வந்திருந்தார். பந்து அவருக்கு மேலால் துள்ளி, ஒரு அவசரமும் இல்லாமல் உருண்டு வலைக்குள் போனது. அது போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல எண்ணத்தோடு கொடுத்த பந்துதான்.

கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அப்படியென்றால் உங்கள் கழகம் சாகவில்லை, கீழ்மாடிக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதானே என்றார். ஓம், சாகவில்லை என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லவேண்டிய வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. யாரென்றே தெரியாத மனிதரிடம் எவ்வளவு இலேசாக வந்துவிட்டது.

மத்தியானம் ரோசி, பூசைச் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்க என்னைப் பல்லரோ சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாள்மீனின் தலையை ஐஸில் நட்டு வைத்திருந்தார்கள். வியாபாரிகள் பாட்டும் வசவும் கலந்த ஒரு குரலில் கூவினார்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இருந்தன. பசிக்கிறது என்று ஒரு தள்ளுவண்டியில் பாண் ரொட்டி வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் உள்ளே இருப்பது மாட்டின் மண்ணீரல் என்று ரோசி சொன்னாள். எங்கள் மைதானத்தில் விற்கும் இறைச்சிப் பேஸ்ட்ரிக்குள் என்ன இருக்கிறது என்று இருபது வருடமாக நான் கேட்டதில்லை, இதையும் அப்படியே தின்று முடித்தேன். அவள் தனக்குப் பனெல்லே வாங்கினாள். கடலைமாவைத் துண்டாக்கிப் பொரித்தது, எலுமிச்சம்புளி பிழிந்து தருகிறார்கள். வாழைக்காய் இல்லாத பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, சென் வில்பிரட் எண்டது உங்கட ஸ்குவாத்ராதானே?"

ஸ்குவாத்ரா என்றால் அணி. அவள் செய்தி வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாளாம். வில்பிரட் மாமாவின் பெயரைப் போட்டு இணையத்தில் மரண அறிவித்தல் தேடியிருக்கிறாள், வந்ததெல்லாம் கழகம் விழுந்த செய்தி. திகதியும் ஒத்துப்போனது. பிறகேன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மா இப்பதான் மாமா நித்திரை கொள்ளுறா."

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் அக்கா பதறி எழும்புவாராம். அக்கா வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவின் மகள், மின்தூக்கி உள்ள நல்ல வீடு ஒன்றை இரண்டு முறை பார்த்துக் கொடுத்தும் போகவில்லை. வில்பிரட்டுக்குத் தெரிந்தது இந்த விலாசம் மட்டும்தான், வந்து கதவைத் தட்டி நாங்கள் இல்லையென்றால் அவன் எங்கே போவான் என்பாராம். செய்தி வந்து இரண்டாம் வாரம் அக்கா தானாகவே, இனி மாறலாம் என்று சொல்லியிருக்கிறார். வாற மாதம் புது வீடு. வீட்டுக்காரரோடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது.

"சொல்லாதேங்கோ மாமா. பெர் ஃபவோரே, தயவுசெய்து. வில்பிரட் மாமா உயிரோட இருந்தால் எப்பவோ போன் எடுத்திருப்பார்தானே."

நான் தலையாட்டினேன். ஒரு பெரிய பாரத்தை அவள் இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அக்காவின் நன்மைக்காகத்தான் சும்மா இருக்கப்போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, முருங்கைக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோழைக்கு இப்படியொரு நல்ல காரணம் சும்மா கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குசினியில் நின்றார். அடுப்பில் பெரிய சட்டி. அத்தான் கோயிலில் கதிரை அடுக்கப் போயிருந்தார், ரோசி உள்ளறையில் துணிக்கு இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கையைத் துடைத்துவிட்டு, பங்குக் கோயிலில் தந்த ஒரு தாளை என் முன் வைத்தார். பூசையில் வாசிப்பதற்கு இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், இறந்த திகதி, அடக்கம் செய்த இடம் எல்லாம் எழுதவேண்டும். பெயரையும் ஊரையும் அக்கா எழுதியிருந்தார், குண்டுகுண்டான எழுத்தில்.

"மிச்சம் நீதானே எழுதவேணும் தம்பி. எந்தத் திகதி, எங்கை தாட்டவை எண்டு வடிவா எழுது. விசா எடுத்து வந்து அந்தக் குழியிலை ஒரு மெழுகுதிரி கொளுத்தவேணும் எனக்கு."

பேனாவை வாங்கினேன். கடைசி ஆட்டத்தின் திகதி தெரியும், அதை எழுதிவிடலாம். குழிக்கு எங்கே போவது? அக்கா விசா எடுப்பார். அந்த முழங்காலோடு வந்து இறங்குவார். எந்தக் கல்லை நான் காட்டுவது? ரோசிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் கை எழுதவில்லை.

"அக்கா, அது வில்பிரட் இல்லை," என்றேன்.

சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கழகத்தின் பெயர், அல்போன்ஸ், விரல் தவறியது, அத்தானுக்கு நான் எழுதிய பதில், எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளறையில் மினுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அக்கா சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு அடுப்பை அணைத்தார், கதிரையை இழுத்து எனக்கு எதிரில் இருந்தார்.

"பந்தடிக்கிற கழகமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப என்ர தம்பி இருக்கிறானோ?"

"தெரியாது அக்கா."

"நீ தேடினனீதானே."

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எத்தனையோ நத்தார்ப் பண்டிகைக்கு இதே அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அன்று காலை அதைச் சொல்லவில்லை. லண்டனுக்கு ஒருநாள் போய் மூன்று கோயில்களில் விசாரித்தேன், அவ்வளவுதான், பிறகு போகவில்லை என்றேன். என்ன நாள் என்று கேட்டார். ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை என்றேன்.

அக்கா தாளில் எழுதிய தன் தம்பியின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார்.

"அந்தப் பந்தடிக்கு எத்தினை சனிக்கிழமை போயிருப்பாய்?"

மழை நாளிலும் போனேன். காய்ச்சலோடும் போனேன். தோற்கும் என்று தெரிந்தே வெளியூர் ஆட்டங்களுக்கும் பஸ் பிடித்துப் போனேன்.

"எல்லாச் சனிக்கிழமையும் அக்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

"ரோசி, அந்தப் புது வீட்டுக்காரருக்குப் போன் அடிச்சுச் சொல்லு," என்றார். "நாங்கள் வரேல்லை எண்டு."